மடைக்குக் கீழே யாருடைய நிலம்?

பின்தங்கிய வட்டாரங்களுக்கான திட்டங்களை மதிப்பிடும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். செலவுக்கு ஏற்ற பலன் வருமா என்று பார்க்கும் முறைகளையெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவற்றில் உங்களைவிட அதிகமாக எனக்கு எதுவும் தெரியாது. ஆகவே அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஒரே ஒரு கண்மாயைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், அந்தக் கண்மாய் விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. உங்களிடம் சொன்னாலாவது தீருமா என்று பார்க்கிறேன்.

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். நான் மராமத்துப் பிரிவில் ஓவர்சியர். இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷங்கள் இருந்தன. கண்மாயோ வாய்க்காலோ, புதிதாக எந்தப் பாசன வேலை எடுத்தாலும், போட்ட பணத்தில் இவ்வளவு பங்கு நிலவரியாகத் திரும்பி வரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆனது தெரியுமா? ஏற்கெனவே தண்ணீர் உள்ள ஊரில் மடையைக் கொஞ்சம் செப்பனிட்டாலே வரி கூடும். தண்ணீரே இல்லாத ஊரில் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். செலவு அதிகம், வரும்படி மெதுவாகத்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் வேலைகள் விளைகிற பக்கத்துக்கே போயின. குடுமியான்மலையைத் தாண்டி மேற்கே போகப் போகச் செம்மண்ணும் செம்பூரான் கல்லும்தான். வரகு விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை பொய்த்தால் குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து போன மனு ஒவ்வொன்றும் ‘வரும்படி போதாது’ என்று திரும்பி வந்தது.

என் மேலதிகாரி ஒரு எஞ்சினீயர். அதிகம் பேசமாட்டார். விதிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுப்பவர் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம். அவர்தான் மேற்கே ஒரு கிராமத்தில், முந்திய தலைமுறையில் வெள்ளத்தில் உடைந்துபோன ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்தார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் வருகிறவர்களுடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கரையின் நடுவே பெரிய உடைப்பு. உள்ளே கருவேலமும் உடைமரமும் வளர்ந்து ஆடு மேயும். அதைக் கட்டித் தரலாம் என்று அறிக்கை எழுதினார். வழக்கமான வரும்படியோடு நிற்கவில்லை. பஞ்சம் வரும்போதெல்லாம் அங்கே கஞ்சித் தொட்டி வைக்கச் சர்க்கார் செலவு செய்கிறதே, அது மிச்சமாகாதா என்று கேட்டிருந்தார். ஊரைவிட்டுப் போகிறவர்கள் போகாமல் இருந்தால் அது பலன் இல்லையா என்று கேட்டிருந்தார். அந்த நாளில் யாரும் அப்படி எழுதியதில்லை.

வேலைகளைப் பரிசீலித்து மேலே சிபாரிசு செய்ய ஒரு சிறு குழு இருந்தது. அதில் ஒருவர் விளைகிற பக்கத்துப் பெரிய நிலக்காரர். மேற்குப் பக்கத்து மனு வந்தாலே சிரித்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைப்பவர். வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு நான் எஞ்சினீயருக்குப் பின்னால் நின்றேன். இதையும் தள்ளப்போகிறார் என்றே இருவரும் நினைத்தோம்.

அந்த நிலக்காரர் எழுந்து, “மேற்கே இருக்கிறவங்களும் இந்தச் சமஸ்தானத்துப் பிரஜைகள்தானே? எத்தனை நாளைக்கு நாம ஒரே பக்கமாக் கொட்டிக்கிட்டு இருக்கிறது? வரும்படியை மட்டும் பாத்தா அந்த ஜனங்க என்னைக்குத்தான் தலையெடுப்பாங்க?” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழு ஒரே மனதாகச் சிபாரிசு செய்தது. அன்று எஞ்சினீயர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அதுவரை அவர் யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இறுதி உத்தரவுக்கு முன் ஒரு வேலைதான் பாக்கி. மடை திறந்தால் தண்ணீர் பாயக்கூடிய நிலங்களை எல்லை குறித்துக் காட்ட வேண்டும். பூர்வாங்கமாக அளக்கப் போனபோதே அங்கே கொடி நட்டிருந்தேன். ஊர்க்காரர் கேட்டால் ரோட்டுக்காக அளக்கிறோம் என்று சொல்லும்படி உத்தரவு. உத்தரவு ஆகாத வேலையைப் பற்றி ஊரில் மூச்சு விடக்கூடாது. வீண் ஆசை காட்டியதாகிவிடும் என்பது விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். அதன் மறுபக்கத்தை அதுவரை நான் யோசித்ததில்லை.

இரண்டாம் முறை போனேன். கரையை ஒட்டினாற்போல வெள்ளையம்மாள் என்ற பெண்ணின் நிலம் இருந்தது. கணவர் இலங்கையில் காய்ச்சலில் இறந்தவர். ஒற்றை ஆளாக வரகு விதைத்துப் பிழைப்பவர். அவருடைய நிலத்தின் மூலையில் புதிதாக ஒரு எல்லைக்கல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவரே குடிசையிலிருந்து வந்தார்.

“கொடி நட எடம் பாக்குறீங்களா தம்பி? தாராளமா நடுங்க. இப்ப அது என் நெலம் இல்லை” என்றார் சிரித்துக்கொண்டே.

“ஒங்க நெலம் இல்லையா? யாருக்குக் குடுத்தீங்க?”

“யாரோ டவுன்காரங்க. சவுக்கு போடப் போறாங்களாம். இந்தக் கல்லுல சவுக்கு! ஓணான்கூட ஒதுங்க எடமில்லாத காடு. கேட்டாங்க, குடுத்துட்டேன். அந்தா பாருங்க, ரெண்டு வெள்ளாடு. கூரையும் புதுசா மேஞ்சாச்சு. உள்ள வந்து பாருங்களேன்.”

ஆடுகள் கட்டையைச் சுற்றிக்கொண்டு நின்றன. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

“நீங்க மட்டுந்தான் வித்தீங்களா?”

“நான் மட்டுமா? இந்த வரிசையில பாதிப் பேரு குடுத்தாச்சு. மிச்சப் பேரு நாளைக் காலையில வண்டி கட்டிக்கிட்டுப் பொன்னமராவதி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போறாங்க. அவங்க கணக்கப்பிள்ளைதான் வண்டிக்கு ஏற்பாடு. ஒண்ணுதான் வேடிக்கை. மேக்கால இருக்கிற காடு இதைவிடச் சவுக்குக்கு நல்லது. அது வேண்டாங்கிறாங்க. கரைக்குக் கீழ இருக்கிறது மட்டும் போதுமாம்.”

நான் நட்ட கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றுக்கு உட்பட்ட நிலம் மட்டும்தான் விலைபோயிருந்தது.

அந்த நேரத்தில் கரைமேல் குடையைப் பிடித்தபடி ஒருவர் வந்தார். “இவருதான் கணக்கப்பிள்ளை” என்றார் வெள்ளையம்மாள். எனக்கு அவரைத் தெரியும். குழுவில் அவ்வளவு உருக்கமாகப் பேசிய நிலக்காரருடைய வீட்டுக்கு ஒருமுறை வரைபடம் கொண்டு போயிருந்தேன். வாசலில் அதை வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனவர் இவர்தான். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. பயப்படுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் வந்து, வெள்ளையம்மாளுக்குக் கேட்காதபடி, “வாங்க ஓவர்சியர். நல்ல சமயத்துல வந்தீங்க. மடை கடைசியா எந்த எடத்துல வருது?” என்றார்.

நானும் அவர்களில் ஒருவன் என்றே முடிவு செய்துவிட்டார்! சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எஞ்சினீயர் அன்று பக்கத்துக் கிராமத்துப் பயணியர் பங்களாவில் தங்கியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நீங்க வேற யாரையோ பாத்திருப்பீங்க” என்றார். அந்த ஆள் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் மறுத்தார்கள், இப்போது ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அந்த அறையில்தான் புரிந்தது. எங்கள் அறிக்கை அவர்கள் மனத்தை மாற்றவில்லை. எந்த நிலத்தை வாங்கவேண்டும் என்று அவர்களுக்கு வழிகாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். குழுவிடம் புகார் செய்தால் விசாரிக்கப்போவது அதே ஆட்கள். வேலையை நிறுத்தச் சொன்னால் ஊருக்குத் தண்ணீர் போயிற்று. பேசாமல் இருந்தால் கண்மாய் வரும், தண்ணீர் வரும், பாய்வது இன்னொருவர் வயலில். யோசிக்க மறுநாள் காலை வரைதான் அவகாசம்.

“நான் போய் விக்காம இருக்கிறவங்ககிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிட்டு வந்துடறேன் சார்” என்றேன்.

“யார்கிட்ட சொல்லுவீங்க? ஒங்களுக்குத் தெரிஞ்ச நாலு பேர்கிட்டயா? அந்த நாலு பேரும் மிச்சப் பேரோட நெலத்தை விடியறதுக்குள்ள வாங்கிட்டா? அப்ப அவங்களுக்கும் இந்தக் கணக்கப்பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?”

அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

“தெரியறதுன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும். அந்த ஊர்ல தமுக்கு அடிக்கிற ஆள் யாருன்னு விசாரிங்க.”

விதியை விட்டு ஓர் அங்குலம் நகராத மனிதர் இதைச் சொன்னார். கண்மாய் விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளில் மனத்துக்கு இதமாக இருந்தது இது ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்கு முன் நாங்கள் ஊருக்குள் நின்றோம். தமுக்கு அடிப்பவருக்கு எஞ்சினீயர் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். ‘உடைந்த கண்மாயைக் கட்டலாமா என்று சர்க்கார் யோசிக்கிறது. உத்தரவு இன்னும் ஆகவில்லை. ஆனாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். கரைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளவும்.’ அந்த ஆள் ஊக்கத்தில் ‘ஆகாமலும் போகலாம்’ என்பதை விட்டுவிட்டுச் சொன்னார். எஞ்சினீயர் கையைத் தூக்கி அவரை நிறுத்தி, அதையும் சேர்த்து முதலிலிருந்து சொல்லவைத்தார்.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். “ஐயா, என்ன காரியம் பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா? இது சர்க்கார் ரகசியமில்லையா?”

“ரகசியந்தான். ஒங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இவங்களுக்கும் தெரியட்டுமேன்னுதான்.”

ஜனங்கள் குதூகலிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விற்றவர் யார், விற்காதவர் யார் என்று அந்தப் பார்வையிலேயே பிரிந்துபோனார்கள். அண்ணன் விற்றிருப்பார், தம்பி விற்றிருக்கமாட்டார். கூட்டத்திலிருந்து வெள்ளையம்மாள் முன்னால் வந்தார்.

“கண்மாயா? எங்க கண்மாயையா கட்டப்போறாங்க?”

“ஆகலாம் ஆத்தா. இன்னும் உத்தரவு ஆகலை” என்றார் எஞ்சினீயர்.

“அப்ப என் நெலம்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “ரோட்டுக்குன்னுதானே தம்பி சொன்னீங்க?”

அவர் குரலில் கோபம் இல்லை. தான்தான் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்கிற சந்தேகம்தான் இருந்தது. பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஊரிலிருந்து எந்த வண்டியும் கிளம்பவில்லை.

குழு மறுபடியும் கூடியபோது நான் அதே இடத்தில் அதே வரைபடங்களோடு நின்றேன். அதே நிலக்காரர் எழுந்தார். “நானும் ஆசைப்பட்டேன். ஆனா நிதானமாப் பாத்தா, செலவுக்கு ஏத்த வரும்படி இதுல வராது. சர்க்கார் பணத்தை உணர்ச்சிவசப்பட்டுச் செலவு பண்ணமுடியுமா?” என்றார். அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முன்பு அவரை அவ்வளவு உருக்கமாகப் பேசவைத்த அதே பக்கங்கள்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கண்மாய் கிடப்பில் போடப்பட்டது. ரகசியத்தை வெளியிட்டதற்காக எஞ்சினீயரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிற்று.

கிடங்கில் அவரைப் பார்க்கப் போனேன். மண்வெட்டிகளுக்கும் தார்ப் பீப்பாய்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“தப்புப் பண்ணிட்டோமா சார்?”

“தெரியலை. தமுக்கு அடிக்காம இருந்திருந்தா கண்மாய் வந்திருக்கும். ஆனா அவங்களுக்கு வந்திருக்காது.” பிறகு, “அவங்க நம்மளைத் திட்டுறாங்களா?” என்று கேட்டார்.

“திட்டுறாங்க சார்.”

“திட்டட்டும்” என்றார்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம், ஊர் அம்பலகாரர் தலைமையில் ஆணும் பெண்ணுமாகப் புதுக்கோட்டைக்கு நடந்தே வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். என்ன வேண்டும் என்று ஒரு அதிகாரி அதட்டினார்.

“ஒண்ணும் புதுசாக் கேக்கலைங்க. கண்மாயக் கட்டலாமான்னு சர்க்காரே தமுக்கு அடிச்சுச் சொல்லுச்சு. யோசிச்சு முடிச்சாச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் அம்பலகாரர்.

அடுத்த வருஷமும் வந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். அதுவரை தங்கள் ஊர் விளையாத ஊர் என்றுதான் அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டினால் விளையும் என்று தெரிந்துபோனதை யாரால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும்?

இதற்குள் யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோயிற்று. கையளவு நெல் விளையக்கூடிய இடம் எங்கே இருந்தாலும் பார் என்று மேலிடம் விரட்டியபோது, அலுவலகத்தில் எல்லோருக்கும் நினைவு வந்த முதல் பெயர், வருஷந்தோறும் வாசலில் வந்து உட்காரும் அந்த ஊரின் பெயர்தான். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்பதற்காக ஒரு கல்லும் எடுத்துவைக்காத சர்க்கார், பட்டணத்தில் சோறு குறைந்ததும் உடைப்பை அடைத்துக் கரையைக் கட்டி முடித்துவிட்டது. இதுவும் எனக்கு ஓர் அதிர்ச்சிதான். அப்போது எஞ்சினீயர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கண்மாய்க்குப் பிறகு நான் எந்த ஊரிலும் பொய் சொல்லிக் கொடி நடவில்லை. முதலில் ஊரைக் கூட்டுவேன், எதற்கு அளக்கிறோம் என்பேன், ஆகாமலும் போகலாம் என்பேன், பிறகுதான் அளவுச் சங்கிலியை எடுப்பேன். அப்படிச் சொன்னால் நில விலை ஏறிவிடாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஏறட்டுமே. ஏறுகிற விலை அங்கே இத்தனை காலம் வெயிலில் கிடந்தவர்களுக்குக் கிடைக்கட்டும். அறிக்கையில் ‘வட்டாரம் பயனடையும்’ என்று எழுதுகிறோம். வட்டாரத்துக்கு வயிறு கிடையாது. யாருடைய பெயரில் அந்த நிலம் இருக்கிறது, வேலை முடியும்போது யாருடைய பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். கேட்டால் உங்களைச் சிலருக்குப் பிடிக்காது.

கண்மாய் நிரம்பி, நல்ல நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், முடிந்த வேலைகளின் பலனைப் பார்த்து எழுத வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். உங்களைப்போலப் படித்தவர், கெட்டிக்காரர், நல்ல மனசுக்காரர். கரைமேல் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும் மட்டும் பச்சை. நான் அளந்தபோது ஓணான் ஓடிய நிலமா இது என்று எனக்கே நம்பமுடியவில்லை. விற்காமல் நின்றவர்களின் வீடுகளில் வைக்கோல் போர் நின்றது. இலங்கை போனவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள். அம்பலகாரர் பெருமையோடு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தார். அதிகாரிக்குப் பரம திருப்தி.

கரையை ஒட்டிய பெரிய வயல் ஒன்றில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நின்று, வரப்புக்கு அருகே குனிந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்தார். வெள்ளையம்மாள். முழங்கால் வரை சேறு. தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஏம்மா, இந்தக் கண்மாய் வந்ததுல ஒங்களுக்கு நன்மைதானே?” என்று அதிகாரி கேட்டார்.

“நன்மைதாங்க. முன்னயெல்லாம் கூலி வேலைக்குக் கடல் தாண்டி எலங்கைக்குப் போகணும். இப்ப அங்கிட்டெல்லாம் போக வேண்டியதில்லைங்க. என் வயல்லயே கூலி வேலை கெடைக்குது.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்று முடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

‘என் வயல்’ என்று அவர் சொன்னதை, வேலை பார்க்கிற வயலைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். “பாத்தீங்களா, இதுதான் நமக்கு வேணும்” என்று என் தோளைத் தட்டிவிட்டு, பயனடைந்தவர்களில் அவரையும் குறித்துக்கொண்டு, அடுத்த வயலைப் பார்க்க வரப்பில் நடந்தார்.